நாற்பத்தேழாவது இனம்

மருத்துவமனை, இரண்டாம் மாடி, படுக்கை 9
பிப்ரவரி 27

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

பிழைத்துக்கொண்டேன். தொண்டையில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். கெட்ட கட்டி இல்லையாம். ஆனால் ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று உத்தரவு. முணுமுணுக்கக்கூடக் கூடாதாம், அது இன்னும் கெடுதலாம். கழுத்தில் ஒரு சிலேட்டை மாட்டி உட்கார வைத்திருக்கிறார்கள், முதல் வகுப்புப் பையன் மாதிரி. என் வீட்டுக்காரிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "கல்யாணமான நாள்லேர்ந்து இப்பத்தான் ஒரு பேச்சை நான் முழுசா பேசி முடிக்கிறேன்" என்று வருகிற நர்ஸ்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தொலைபேசி தலைமாட்டிலேயே இருக்கிறது. ஊமைக்கு எதற்கு அது? அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் 21 அன்று பாதுகாப்புத் துறையின் மானியக் கோரிக்கை வாக்கெடுப்புக்கு வருகிறது. அதில் நாற்பத்தேழாவது இனம், உங்கள் ஊர்த் தொழிற்சாலையில் நாற்பதாயிரம் புதுக் கண்ணிவெடி செய்வதற்கு. அந்த ஒரு இனத்தை மட்டும் நீக்கச் சொல்லி எங்கள் கட்சி வெட்டுத் தீர்மானம் கொடுத்திருக்கிறது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் கையெழுத்துப் போட இந்த வருஷக் கடைசிவரைதான் அவகாசம். புதிதாகச் செய்யப் பணம் ஒதுக்கிவிட்டால் கையெழுத்து என்ற பேச்சுக்கே இடமில்லை. பணம் வெட்டப்பட்டால் உங்கள் அரசு கவிழாது, ஆனால் கையெழுத்துப் போடுவதைத் தவிர அதற்கு வேறு வழியும் இருக்காது. இதுதான் மொத்த விவகாரமும். இதற்காகப் பத்து வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன். பாருங்கள், நிஜமாகவே கிழிந்துவிட்டது.

தையல் ஆறும்வரை ஆஸ்பத்திரியை விட்டு நகரக் கூடாதாம், என்னால் வர முடியாது. அதனால் வழக்கம்போல் ஜோடி கேட்கிறேன். என் வாக்கு இல்லாத அன்று உங்கள் வாக்கும் வேண்டாம். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று குறைந்தால் தராசு சாயாது. பதினோரு வருஷமாக நமக்குள் இது நடக்கிறது, ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. உங்கள் பெண்ணுக்கும் என் பையனுக்கும் கல்யாணம் பேசியபோது நாம் போட்டுக்கொண்ட விதியும் அப்படியே. எந்தப் பக்கம் கை தூக்கப் போகிறாய் என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது. சொன்னால் வாதம் வரும், வாதம் வந்தால் அது பிள்ளைகளின் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்காரும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
வாயில்லாச் சம்பந்தி


நாடாளுமன்ற உறுப்பினர் விடுதி
மார்ச் 3

அன்புள்ள டாக்டர் சம்பந்திக்கு,

கட்டி கெட்டதில்லை என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் ஜோடி, மானியம், வெட்டுத் தீர்மானம் என்று ஆரம்பித்துவிட்டீர்கள். உடம்பைப் பற்றி நாலு வரி, சபையைப் பற்றி நாற்பது வரி. சம்பந்தி அம்மாள் உங்களை எப்படித்தான் கட்டி மேய்க்கிறார்களோ!

ஜோடி போட்டாயிற்று. இன்று காலை எழுத்துமூலம் இரண்டு கட்சிக் கொறடாக்களிடமும் கொடுத்தேன். எங்கள் கொறடா முகத்தில் ஈ ஆடவில்லை. "என்னம்மா இது, உங்க ஊரு தொழிற்சாலை விஷயம், நீங்களே வெளியே போய் உட்கார்ந்தா எப்படி?" என்றார். "சம்பந்தி படுத்திருக்காரு. வேற யாருக்காவது இருந்தா யோசிப்பேன்" என்றேன். சபையில் நம்மை 'கிழட்டு ஜோடி' என்று சொல்லிச் சிரிக்கிறார்களாம், நூலகத்துப் பையன் சொன்னான். சிரிக்கட்டும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் கோபம். ஆயிரத்து நானூறு குடும்பம் அந்தத் தொழிற்சாலையை நம்பி இருக்கிறது. அரசியலுக்கு வரும்முன் பத்தொன்பது வருஷம் அங்கே நேரக் காப்பாளர் அறையில் வருகை அட்டை குத்திக்கொண்டிருந்தவள் நான். கேட்டில் நுழைகிற ஒவ்வொருவரையும் செருப்புச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான், நீங்கள் இல்லை. இதை வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விதி விதிதான்.

கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடியுங்கள்.

சம்பந்தி


மருத்துவமனை
மார்ச் 7

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நன்றி. வயிற்றில் பாலை வார்த்தீர்கள்.

நேற்று எங்கள் கட்சிக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். உங்கள் பக்கத்தில் சிலர் அன்றைக்கு ஊரிலேயே இருக்க மாட்டார்களாம். எண்ணிப் பார்த்தால் ஒன்றிரண்டு வாக்கில்தான் முடியும் என்கிறார். அவர் போன பிறகு என்னால் படுக்கையில் இருக்க முடியவில்லை. சன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். வாழ்நாளில் ஒரே ஒரு பேச்சு பேச வேண்டுமென்றால் இதைத்தான் பேசியிருப்பேன், இந்தத் தொண்டைக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

செருப்புச் சத்தம் என்று எழுதியிருந்தீர்கள். வாதம் செய்யவில்லை, ஞாபகம் வந்ததைச் சொல்கிறேன். எல்லை ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் எலும்பு டாக்டராக இருந்தேன் இல்லையா? அங்கே ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் ஒற்றைச் செருப்புதான் இருக்கும். வீட்டுக்குப் போகும்போது சொந்தக்காரர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள், "டாக்டர், வீட்டுல இன்னொரு செருப்பு கிடக்கே, அதை என்ன செய்யறது?" ஒன்பது வருஷத்தில் ஒருத்தருக்கும் நான் பதில் சொன்னதில்லை. சண்டை முடிந்து எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வெடியை மிதித்துவிட்டு வந்த நோயாளிகள் அவர்கள். ஆடு மேய்க்கப் போனவர்கள், தண்ணீர் எடுக்கப் போனவர்கள்.

இதை எழுதியிருக்கக் கூடாதுதான். பேச முடியாதவன் எங்கேதான் கொட்டுவது? மன்னித்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தி


உறுப்பினர் விடுதி
மார்ச் 12

டாக்டர் சம்பந்திக்கு,

நேராகக் கேட்டுவிடுகிறேன். ஜோடியிலிருந்து என்னை விடுவியுங்கள். இரண்டு கொறடாக்களுக்கும் ஒரு வரி எழுதினால் போதும். 21ஆம் தேதி நான் வாக்களிக்க வேண்டும்.

ஏன் என்று கேட்காதீர்கள். கேட்கக் கூடாது, சொல்லக் கூடாது என்பது நாம் போட்ட விதி. கொறடா இரண்டு தடவை அறைக்கே வந்து போய்விட்டார். எங்கள் ஊர் ஆற்றுப் பாலம் இந்த வருஷமே வரும் என்கிறார், இன்னும் என்னென்னவோ சொல்கிறார். அதையெல்லாம் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. நாளைக்கு வேறு யாராவது வந்து சொல்வதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

பதினோரு வருஷத்தில் உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதை மட்டும் கேட்கிறேன். என்மேல் நம்பிக்கை வைத்து விடுவியுங்கள்.

நேற்றிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தி


மருத்துவமனை
மார்ச் 15

அம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை வேறு யாரோ எழுதியது என்று நினைத்தேன். எழுத்து உங்களுடையதுதான்.

விடுவிக்க மாட்டேன்.

பாலம்! என்ன விலைக்குப் போகிறோம் என்பதையும் நீங்களே எழுதி அனுப்பியதற்கு நன்றி. நான் வாய் கட்டி, ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியாமல், எட்டு மணி நேர ரயில் தூரத்தில் கிடக்கிறேன். இந்த நேரம் பார்த்து என் கையைத் தட்டிவிட்டு உள்ளே போய்க் கை தூக்க வேண்டும், அதற்கு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், அதற்குப் பெயர் நம்பிக்கை! ஒற்றைச் செருப்பைப் பற்றி எழுதினேனே, அதைப் படித்துவிட்டுத்தானே இதை எழுதினீர்கள்? எனக்கு வாய் மட்டும் இருந்தால் இந்த மாடி அதிர்ந்திருக்கும்.

இன்றே இரண்டு கொறடாக்களுக்கும் பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். "ஜோடி நீடிக்கிறது, விடுவிக்கப்படவில்லை." கொடுத்த வாக்கை மீறிப் போய் வாக்களிப்பதானால் போங்கள். ஊர் முழுக்கப் பார்க்கட்டும்.

உங்கள் பெண் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். அவள் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. நல்ல வேளை, பேச வேண்டிய அவசியமும் இல்லை.

படுக்கை 9


உறுப்பினர் விடுதி
மார்ச் 18

சம்பந்திக்கு,

சரி. மீற மாட்டேன். வெளியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கோபப்பட்டால் தையல் பிரியும் என்று உங்களுக்கே தெரியும், நீங்கள் டாக்டர்.

சம்பந்தி


மருத்துவமனை
மார்ச் 22

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நேற்று வானொலியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டேன். தீர்மானத்துக்கு ஆதரவு நூற்றுப் பதினாறு, எதிர்ப்பு நூற்றுப் பதினாறு. சமமாக விழுந்ததும் சபாநாயகர் தன் வாக்கை அரசுப் பக்கம் போட்டுவிட்டாராம். நாற்பதாயிரமும் நிறைவேறிவிட்டது. என் வீட்டுக்காரி வானொலியை நிறுத்திவிட்டுத் தலையைத் தடவிக் கொடுத்தாள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அழுதேன். சத்தம் வராமல் அழுவது எப்படி என்று இந்த ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டேன்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. நீங்கள் உள்ளே போகவில்லை. அத்தனை நெருக்கடியிலும், அத்தனை ஆசை காட்டியும், சொன்னபடி வெளியே உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் போய் எதிர்த்து வாக்களித்திருந்தால் நாங்கள் நேராகவே தோற்றிருப்போம். சமமாகவாவது விழுந்தது. நாட்டில் பாதிப் பேர் எங்கள் பக்கம் என்று சொல்லிக்கொள்ளவாவது முடிகிறது. அது உங்கள் நாணயத்தால்.

15ஆம் தேதி நான் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். வார்த்தைகளை வாரி இறைத்துவிட்டேன். வாயை மூடினாலும் இந்தப் புத்தி அடங்க மாட்டேன் என்கிறது.

நன்றியுடன்,
சம்பந்தி


ஊர், என் வீடு
மார்ச் 27

டாக்டர் சம்பந்திக்கு,

நன்றி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாளாகப் பார்க்கிறேன், முடியவில்லை.

மார்ச் 11 அன்று செலவு ஆய்வுக் குழு கூடியது. நானும் அதில் உறுப்பினர். பழைய சரக்கு காலாவதியாகிறது, அதனால்தான் புதிது செய்ய வேண்டும் என்று குறிப்பு வைத்திருந்தார்கள். கிடங்கு அதிகாரி வந்திருந்தார், நல்ல மரியாதையான மனிதர். "இதோட ஆயுள் எவ்வளவு?" என்று கேட்டேன். "கிடங்குல பத்து வருஷம்மா. அதுக்கு மேல நம்ப முடியாது" என்றார். சும்மா, வாய்தவறிக் கேட்பதுபோல் கேட்டேன், "மண்ணுக்குள்ள வச்சா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்கு வரம்பே இல்லைம்மா. நம்ம தொழிற்சாலைச் சரக்கு, அவ்வளவு நல்லா இருக்கும்."

நம்ம தொழிற்சாலைச் சரக்கு. எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த இனத்துக்குப் போனார்கள். எனக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. பத்தொன்பது வருஷம் நான் செய்த வேலை என்ன? காலையில் உள்ளே போனவர் சாயங்காலம் வெளியே வந்தாரா என்று பார்ப்பது. ஓர் அட்டை குத்தாமல் கிடந்தால்கூட வீட்டுக்குப் போக மாட்டேன், ஆளைத் தேடி உள்ளே போய்விடுவேன். இந்த வெடியை மண்ணுக்கு உள்ளே அனுப்புகிறார்கள், திரும்பி வந்ததா என்று பார்க்க அந்த அறையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உங்கள் செருப்புக் கடிதம் அப்போது என் பைக்குள் இருந்தது.

அன்று மத்தியானமே எங்கள் ஊர்ப் பழைய ஃபோர்மேனுக்குப் போன் போட்டேன். "செய்யறதை நிறுத்திட்டு, பழசைப் பிரிச்சு அழிக்கிற வேலை கொடுத்தா நம்ம ஆளுங்களால முடியுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "மாட்டினவனுக்குக் கழட்டத் தெரியாதாம்மா? கிடங்குல கிடக்கிறதைப் பிரிக்கவே பதினஞ்சு வருஷம் வேலை இருக்கு. யாரும் எங்களைக் கேட்கலையே" என்றார். ஆயிரத்து நானூறு பேருக்கும் சோறு, நாற்பதாயிரமும் வேண்டாம். உங்கள் கட்சியிலும் இதை யாரும் சொல்லவில்லை, எங்கள் கட்சியிலும் சொல்லவில்லை. நான் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். பேசுவோர் பட்டியலைக் கொறடா போடுகிறார், ஜோடி போட்டவர்களை அதில் சேர்ப்பதில்லை. விடுவிப்பு வந்தால் பட்டியலில் நான்தான் முதல் ஆள் என்றார், நான் அவருக்காகப் பேசப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு.

அதற்காகத்தான் விடுவியுங்கள் என்று கேட்டேன், சம்பந்தி. உங்கள் தீர்மானத்துக்குக் கை தூக்குவதற்காகக் கேட்டேன். கட்சி என்னைத் தூக்கி எறிந்திருக்கும். அதற்குத் தயாராகப் பெட்டிகூடக் கட்டிவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். விதி ஒன்று. நோயாளி படுக்கையில் கிடந்தே ஆளுங்கட்சி வாக்கை வாங்கிவிட்டார் என்று உங்களைச் சொல்லிவிடக் கூடாது என்பது இன்னொன்று. ஆனால் இதெல்லாம் பாதி உண்மைதான். மீதி என் ரோஷம். எந்தப் பக்கம் போடுவேன் என்று தெரிந்துகொண்டு நீங்கள் விடுவித்தால் அதில் என்மேல் நம்பிக்கை எங்கே இருக்கிறது? தெரியாமல் விடுவிப்பீர்கள் என்று நினைத்தேன். பதினோரு வருஷமாக ஒரே குடும்பம், விடுவிக்காமல் இருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் 15ஆம் தேதிக் கடிதம் வந்ததும் பேனாவை எடுத்து எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன். 'என்ன விலைக்குப் போகிறோம்' என்ற இடத்தைத் திரும்பப் படித்தேன். பேனாவை மூடிவிட்டேன். இரண்டு வரி எழுதி அனுப்பினேன். தந்தி கொடுத்திருந்தால், சம்பந்தி அம்மாளிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நான் செய்யவில்லை. அந்தப் பாவத்தை உங்கள் தலையில் மட்டும் கட்ட மாட்டேன்.

உங்கள் பதிவுத் தபாலைக் கொறடா என்னிடம் காட்டி வருத்தப்பட்டார். "பாருங்கம்மா, உங்க சம்பந்தி உங்களை எப்படிப் பூட்டிட்டாரு." பாவம், அந்தப் பூட்டு யாரைக் காப்பாற்றியது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

21ஆம் தேதி நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். வாக்கெடுப்பு மணி ஆறு நிமிஷம் அடித்தது. சபைக் கதவு பன்னிரண்டு எட்டுதான், எண்ணிக்கொண்டே இருந்தேன். எழுந்து போயிருந்தால் யாரும் தடுத்திருக்க முடியாது. ஊர் முழுக்கப் பார்க்கட்டும் என்று எழுதியிருந்தீர்களே, ஊர் பார்ப்பதற்கு நான் பயப்படவில்லை. நீங்கள் பார்ப்பீர்களே என்றுதான் உட்கார்ந்துவிட்டேன். மணி நின்றது. நூலகத்துப் பையன் வந்து எண்ணிக்கையைச் சொன்னான். நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினாறு.

இங்கே ஊரில் எனக்கு ஒரே மரியாதை. நான் வாக்களிக்காமல் உட்கார்ந்துதான் தொழிற்சாலையைக் காப்பாற்றினேன் என்று எப்படியோ கதை கட்டிவிட்டார்கள். நேற்று முப்பது பேர் வாசலுக்கு வந்து கும்பிட்டார்கள். கூடுதல் ஷிப்ட் போட்டுவிட்டார்களாம், முதல் எண்ணாயிரம் ஜூலையில் வெளியே போகிறது. ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் புள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்த்துடுவேன்மா" என்றாள். நல்லா இரு என்றேன்.

உங்களை நோகடிக்க எழுதவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் நோகட்டும் என்றும்தான் எழுதினேன்.

சம்பந்தி


என் வீடு
ஏப்ரல் 4

சம்பந்திக்கு,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கோபமா, உடம்பா? உடம்பு என்றால் உடனே தெரிவியுங்கள். கோபம் என்றால் அவசரமில்லை. மகளிடம் கேட்டேன், "சாப்பிட மாட்டேங்கிறாரும்மா, சுவரையே பார்த்துட்டு இருக்காரு" என்றாள். நான் எழுதியதை அவளிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

ஒரு வாய் கஞ்சியாவது குடியுங்கள்.


மருத்துவமனை
ஏப்ரல் 9

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

பத்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். எழுதியதெல்லாம் குப்பைக் கூடையில் இருக்கிறது. உங்கள் மேலேயும் தப்பு என்று ஒரு கடிதம் எழுதினேன், விதி மேல் பழி போட்டு ஒன்று எழுதினேன், சபாநாயகரைத் திட்டி ஒன்று. எதுவும் உண்மையாக இல்லை. என் பக்கத்து ஒரு வாக்கை நானே பூட்டி, பதிவுத் தபாலில் சாவியையும் அனுப்பினேன். அதுதான் நடந்தது. நோயாளிகள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், பொறுமையாகக் கேட்க வேண்டும் என்று முப்பது வருஷம் சின்ன டாக்டர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். நீங்கள் ஒரே ஒரு வரி கேட்டீர்கள். நான் பாலத்தை மட்டும்தான் படித்தேன்.

அந்த நாலு பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். நான் பேசுவதற்காக இல்லை. எனக்கு இனிமேல் பாதிக் குரல்தான் என்று சொல்லிவிட்டார்கள். துணை மானியக் கோரிக்கை ஆகஸ்டில் வருகிறது. அதில் நீங்கள்தான் பேச வேண்டும், நான் உங்களுக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். இனி நமக்குள் ஜோடி வேண்டாம். படுத்த படுக்கையாக இருந்தாலும் தூக்கிக்கொண்டு வரச் சொல்வேன். அந்த எண்ணாயிரம் அதற்குள் செய்து முடிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதற்கு என்னிடம் பதில் இல்லை, செருப்புக்குப் பதில் இல்லாத மாதிரியே.

நேற்று முன்தினம் ஆறு வாரம் முடிந்தது. டாக்டர் வந்து, "ஒரு வார்த்தை பேசிப் பாருங்க, யாரோட பேசணும்னு ஆசையோ அவங்களோட" என்றார். என் வீட்டுக்காரி சேலையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து நின்றாள். நான் தொலைபேசியைக் காட்டினேன். உங்கள் எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். எடுத்தீர்கள். பின்னால் தொழிற்சாலைச் சங்கு கேட்டது, ஷிப்ட் மாறுகிற நேரம்போலிருக்கிறது. எனக்குக் குரல் இருந்தது அம்மா, தொண்டைவரை வந்தது. என்னவென்று ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

"யாரு? யாருங்க பேசறது?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள்.

நான்தான்.

சம்பந்தி